சன்னி கண்டவரை எங்கே கொண்டுபோவது? லயம், டிஸ்பென்சரி, கோடாங்கி, ஆஸ்பத்திரி: ஓர் ஒப்பீடு

இரவு பத்து மணிக்கு மேல் என் போன் அடித்தால் பாதி நாள் இந்தக் கேள்விதான். "அக்கா, மாமா பொழுது சாஞ்சதுல இருந்து என்னென்னமோ பேசுறாரு. செத்துப்போன தங்கச்சியக் கூப்பிடுறாரு, செவத்துல பூச்சி ஊருதுங்கிறாரு. விடியட்டும்னு பாப்பமா, இப்பவே ஆட்டோ புடிக்கவா? அத்தை கோடாங்கிய ஒருக்கா காட்டிட்டுப் போவம்ங்குது."

நான் மெடிக்கல் வாட்டில் வேலை பார்க்கும் தாதி. பிறந்து வளர்ந்தது இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். ஆகவே கேட்கிறவர் எந்த மாதிரி இஸ்தோப்பில் (திண்ணையில்) நின்று பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். ரோட்டுக்கு இறங்க முக்கால் மணி நேரம். மழை. ஆட்டோக்காரர் ராத்திரி வாடகை கேட்பார். விடிந்து பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, போகாவிட்டால் ஒரு பேர் (ஒரு நாள் கூலிப் பதிவு) போச்சு. இத்தனைக்கும் நடுவில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். போனில் அரைகுறையாகச் சொல்வதை இங்கே முழுசாக எழுதிவைக்கிறேன்.

## சன்னி என்பது எது

"சன்னி வந்திருச்சி", "புத்தி பேதலிச்சிருச்சி", "உளறுது" என்று நம் ஆட்கள் சொல்வதை வாட்டில் டெலிரியம் என்று எழுதுவார்கள். லத்தீனில் 'லிரா' என்றால் உழவு சால். ஏர் தன் சாலில் நிற்காமல் விலகி ஓடுவதுதான் அந்தச் சொல்லின் வேர். பொருத்தமான பெயர். ஏர் உடையவில்லை, மாடு மிரண்டிருக்கிறது. மிரட்டியது எது என்று கண்டுபிடித்து விலக்கினால் பெரும்பாலும் சாலுக்குத் திரும்பிவிடும்.

நான் முதலில் கேட்பது, "எப்ப இருந்து?" என்பதுதான். சில மணி நேரம், அல்லது ஒன்றிரண்டு நாள் என்றால் சன்னியாக இருக்க வாய்ப்பு அதிகம். மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஊர்ந்து வரும். அடுத்தது, "ஒரே மாதிரியா இருக்கா, மாறி மாறி வருதா?" சன்னி ஏறி இறங்கும். காலையில் தேத்தண்ணி கேட்டுக் குடித்தவர் மாலையில் மகனை யாரென்று கேட்பார். மூன்றாவது, கவனம். நீங்கள் பேசுவதைப் பிடித்துக்கொண்டு நிற்க அவரால் முடியாது. கேள்வியைப் பாதியில் விட்டுவிடுவார். இல்லாத பூச்சி, பாம்பு, ஆள் கண்ணில் தெரிவதும் சன்னியில் சகஜம். எழுபது வயது வரை ஒழுங்காக இருந்தவர் ஒரே ராத்திரியில் பைத்தியம் ஆனார் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்த பிறகுதான் மனநோய் என்ற பேச்சே வரவேண்டும்.

சத்தம் போடுகிறவரை எப்படியும் யாராவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். எனக்குப் பயம் சத்தம் போடாதவரைப் பற்றித்தான். சன்னியில் இன்னொரு வகை உண்டு: ஆள் கம்பளிக்குள் சுருண்டு கிடப்பார், கூப்பிட்டால் 'ம்' என்பார், சாப்பிட மாட்டார், எதையோ வெறித்துப் பார்ப்பார். "காய்ச்சல் விட்டு நல்லாத் தூங்குறாரு" என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள். இதுதான் அதிகம் தவறவிடப்படுகிற வகை. முடிவும் பல நேரங்களில் இதில்தான் மோசமாக இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

இடங்களை ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். நான் நாலைப் பார்ப்பேன்.

நேரம் முதலாவது. இரத்தத்தில் சீனி இறங்கியவருக்கும் மூச்சுக் குறைந்தவருக்கும் நிமிஷக்கணக்கே முக்கியம். அங்கே இங்கே சுற்றினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். இரண்டாவது, காரணத்தை அங்கே கண்டுபிடிக்க முடியுமா என்பது. சன்னி தனி நோய் அல்ல. அடியில் ஒன்று இருக்கிறது. சிறுநீர்க் கிருமி, நிமோனியா, நீரிழப்பு, இரத்தத்தில் உப்புக் குறைவு, ஈரல் அல்லது சிறுநீரகம் கெட்டது, மூத்திரம் கட்டி நிற்பது, நாலைந்து நாள் மலச்சிக்கல், மாத்திரை, குடியை நிறுத்தியது, விழுந்து தலையில் அடி. மூன்றாவது, பக்கத்தில் யார் இருப்பார், எந்தப் பாஷையில் பேசுவார். நாலாவது செலவு. வெளியில் தெரியும் செலவை எல்லாரும் கணக்குப் பார்க்கிறோம். போன பேரையும், ஆள் மாற்றித் துணைக்கு நிற்பதையும், இடம் மாறி மாறி அலைவதையும் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

## லயத்திலேயே வைத்துப் பார்ப்பது

வீட்டுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. தெரிந்த காம்பரா (அறை), தெரிந்த குரல், தெரிந்த புகை வாசம். சன்னி கண்டவருக்கு இதெல்லாம் மருந்து. ஆனால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வேலையில் வீட்டுக்குக் கிடைப்பது பூஜ்யம், ஒன்றிரண்டு விஷயங்கள் தவிர. அந்த ஒன்றிரண்டைச் சொல்கிறேன். எந்த வழியில் போவதானாலும் இவற்றுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

சீனி வியாதி மாத்திரை போடுகிறவரா? காய்ச்சலில் சாப்பாடு இறங்கவில்லை, ஆனால் மாத்திரையை மட்டும் மருமகள் தவறாமல் கொடுத்திருக்கிறாள் என்றால் சீனி இறங்கியிருக்கலாம். வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு தடுமாறும். முழிப்பாக இருந்து விழுங்க முடிந்தால் மூன்று நாலு தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுங்கள். மயக்கமாக இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நெஞ்சுக்குள் போய்விடும். சீனித் தண்ணியில் தெளிந்துவிட்டார் என்று வீட்டில் நிறுத்திக்கொள்வதும் தவறு. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகள் பல மணி நேரம் வேலை செய்யும். சிறுநீரகம் பலவீனமான கிழவருக்கு இன்னும் நீளும். விடியற்காலையில் சீனி மறுபடி இறங்கும். அப்போது எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். தொப்புளுக்குக் கீழே கல்லுப்போல மேடாக இருந்தால் மூத்திரம் கட்டியிருக்கிறது. புரொஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கு இது மட்டுமே சன்னியைக் கொண்டுவரும்; குழாய் போட்டதும் ஆள் தெளிவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். நுவரெலியாக் குளிரில் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்துப் படுத்திருந்தீர்களா? வீட்டில் இன்னொருவருக்கும் தலைவலியா? எல்லாரும் உடனே வெளியே வாருங்கள். அது கரிப்புகையின் நஞ்சாக இருக்கலாம்.

வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது எப்போது சரி? இனிக் குணமாக்க முடியாத நிலையில் இருப்பவர், டொக்டர் ஏற்கெனவே பார்த்து இனி வீட்டில் நிம்மதியாக வைத்திருங்கள் என்று சொன்னவர். அப்போதும் வலிக்கும் தூக்கத்துக்கும் மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வேறு யாரையும் "விடியட்டும்" என்று வைத்திருக்க நான் சொல்வதில்லை.

## தோட்டத்து டிஸ்பென்சரி

பக்கம், காசில்லை, தமிழில் பேசலாம். தோட்டத்து டொக்டருக்கு அந்த ஆளைத் தெரியும், அவருடைய அப்பாவையும் தெரியும். "இவரு இப்படிப் பேசுற ஆள் இல்லையே" என்று அவர் சொல்வது பெறுமதியான சாட்சி. விரலில் குத்திச் சீனி பார்க்கலாம், காய்ச்சல், பிரஷர் பார்க்கலாம், ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தரலாம். தோட்டத்து வண்டியை இரவில் எழுப்பிக் கேட்பதற்கு அவர் குரலுக்கு இருக்கும் மரியாதை நம் குரலுக்கு இல்லை. டிஸ்பென்சரிக்குப் போவதில் எனக்குப் பிடித்த காரணமே அந்த வண்டிதான்.

மறைவான செலவு, "ஒரு தூக்க மாத்திரை குடுங்க டொக்டர், ராத்திரிக்கு மட்டும்" என்று நாம் கேட்பதில் இருக்கிறது. கேட்பது நாம், அவரும் பாவம் பார்த்துக் கொடுத்துவிடுவார். சளித் தடிமனுக்கும் தூக்கத்துக்கும் கடைகளில் சர்வசாதாரணமாக வாங்குகிற பிரிட்டோன் மாத்திரையே வயதானவர்களுக்குச் சன்னியைக் கொண்டுவரும், இருக்கிற சன்னியைக் கூட்டும், மூத்திரத்தையும் கட்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் தூக்கத்துக்குக் கொடுக்கும் டயஸிபாமும் ஏறக்குறைய அதே கதைதான். சத்தம் நின்றுவிடும். காரணம் அப்படியே உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். டிஸ்பென்சரியில் சீனி பார்த்து, துண்டு வாங்கி, வண்டி பிடித்து, அரை மணி நேரத்துக்குள் கிளம்ப முடிந்தால் போங்கள். பூட்டியிருந்தால் சாவி தேடி அலையாதீர்கள்.

## கோடாங்கி, பூசாரி

இதை எழுதாமல் விட்டால் மலையகத்தைப் பற்றி எழுதியதாகாது. காத்துக் கருப்பு, ரோதமுனி, மாடசாமி கோவம் என்று பேச்சு வரும். வருவதற்குக் காரணமும் இருக்கிறது: இருட்டியதும் கூடும், இல்லாத ஆளோடு பேசும், குரலே மாறும். சன்னியின் குணம் அத்தனையும் பேய்க்கதையில் அப்படியே பொருந்துகிறது.

கோயிலுக்குப் போகாதே என்று நான் சொல்வதில்லை. விபூதி பூசி, நூல் கட்டி, பெயர் சொல்லி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அமைதியாகப் பேசுவது நோயாளிக்குக் கெடுதி செய்யாது. பயந்துபோன வீட்டாருக்கு நல்லதும் செய்யும். கெடுதி எங்கே என்றால், விடிய விடிய உடுக்கை, மிளகாய்ப் புகை, வேப்பிலை அடி, "மூணு நாளைக்குத் தண்ணி குடுக்காதீங்க". தூக்கமும் தண்ணீரும் போன மூளைக்கு இது கொலை. என் கணக்கு: நூல் கட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவுதான், அதுவும் வண்டி வரும் வரைக்கும். எங்கள் தோட்டத்துப் பழைய பூசாரி ஒருவர் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது சாமி இல்ல, காச்சல். கீழ கொண்டுபோ" என்பார். அவர் அனுப்பிவைத்த நாலைந்து பேரையாவது நானே வாட்டில் பார்த்திருக்கிறேன்.

## பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி

என் முதல் தேர்வு பெரும்பாலும் இதுதான். எந்த ஆஸ்பத்திரி என்பதில்தான் யோசனை வேண்டும்.

சின்ன ஆஸ்பத்திரியில், அதாவது பிரதேச வைத்தியசாலையில், ஒக்சிஜன், சேலைன், சீனி பார்ப்பது, மூத்திரக் குழாய், முதல் ஊசி மருந்து கிடைக்கும். உப்பு அளவு, எக்ஸ்ரே, ஸ்கேன் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் அங்கே பார்த்து, தேவைப்பட்டால் அவர்களுடைய அம்பியூலன்ஸிலேயே மேலே அனுப்புவார்கள். அதற்குக் காசில்லை. நாமாக வாடகை வண்டி பிடித்துக் கண்டிக்கு ஓடுவதை விட, மூச்சுத் திணறல், மயக்கம், வலிப்பு உள்ளவருக்கு இது பாதுகாப்பு.

ஆதார வைத்தியசாலையில் உடல்நோய் நிபுணரும் பரிசோதனைக் கூடமும் எக்ஸ்ரேயும் உண்டு. 2017 மே மாதம் இந்திய உதவியோடு 150 கட்டில் கட்டடம் திறந்த டிக்கோயா கிளங்கன் அந்த வகை. நுவரெலியா, நாவலப்பிட்டி அதற்கு மேல். கண்டி, பேராதனை, பதுளை இன்னும் மேல். தலையில் அடிபட்டவர், ஒரு பக்கம் கை கால் விழுந்தவர், இரத்தம் இளக்கும் மருந்து போடுகிறவர் என்றால் நேரே சீ.டி. ஸ்கேன் உள்ள இடத்துக்குப் போகும் வழியைக் கேளுங்கள். மழையில் லயத்துப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து, "ஒன்னும் ஆகல" என்று எழும்பி நடந்த கிழவருக்கு மூன்று வாரம் கழித்துத் தலைக்குள் இரத்தம் தேங்கியிருப்பது தெரியவரும். அந்தப் பழைய விழுகையை யாராவது ஞாபகப்படுத்திச் சொன்னால்தான் டொக்டருக்குத் தெரியும்.

1990-க்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்பியூலன்ஸ் வண்டி இலவசம். ஆனால் நம் பக்கத்தில் பல இடங்களில் அது லயத்து வாசலுக்கு ஏறாது, ரோட்டில்தான் நிற்கும். போன் பண்ணிய கையோடு நாலு பேரைக் கூப்பிட்டுக் கதிரையில் தூக்கி இறக்கத் தொடங்குங்கள். வண்டி வந்த பிறகு இறக்கத் தொடங்கினால் அரை மணி போய்விடும்.

மறைவான செலவு இங்கே பாஷை. இரவில் இருக்கிற சின்ன டொக்டர் சிங்களத்தில் பெயரையும் வருஷத்தையும் கேட்பார். தாத்தா பேசாமல் இருப்பார். "பாஷை விளங்கவில்லை" என்று முடிந்துவிடும். அமைதியான சன்னி அப்படியே தப்பிவிடும். பல நாடுகளின் வாட்டுகளில் '4 ஏடி' என்றொரு சின்னச் சோதனை செய்கிறார்கள். முழிப்பு எப்படி; வயது, பிறந்த தேதி, இடம், வருஷம் தெரிகிறதா; மாதங்களைப் பின்னாலிருந்து சொல்ல முடிகிறதா; திடீர் மாற்றம் உண்டா. மொத்தம் 12 புள்ளி, 4 வந்தாலே சன்னி என்று சந்தேகிக்க வேண்டும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், கடைசிக் கேள்வி ஒன்றுக்கே 4 புள்ளி கிடைக்கும். அதாவது "இவரு முந்தாநாள் வரைக்கும் இப்படி இல்ல" என்று நீங்கள் சொல்லும் ஒரே வாக்கியம் போதும், சந்தேகத்தைக் கிளப்ப. அந்த வாக்கியத்தைச் சிங்களத்தில் சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள்; இல்லாவிட்டால் எழுதிக் கொண்டுபோங்கள்.

பிறந்த தேதி தெரியாத கிழவி நம் பக்கத்தில் ஏராளம். ஜனவரி பெப்ரவரியும் வராது. அதனால் அவர்களுக்குப் புத்தி இல்லை என்றாகிவிடாது. நான் கிழமைகளைப் பின்னாலிருந்து கேட்பேன், இருபதிலிருந்து இறங்கி எண்ணச் சொல்வேன், எந்த மலையில் கடைசியாகக் கொழுந்து பறித்தது என்று கேட்பேன். வீட்டார் பக்கத்தில் நின்றால்தான் பதில் சரியா என்று தெரியும்.

காய்ச்சலோடு வந்தால் உடம்பு முழுவதையும் பார்க்கச் சொல்லுங்கள். பற்றையில் இருக்கும் சின்ன உண்ணி கடித்து வருகிற டைபஸ் காய்ச்சல் நம் மலைப்பக்கங்களில் உண்டு. அக்குள், கவட்டி, மார்புக்குக் கீழே சிகரெட் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால் பாதி நோய் கண்டுபிடித்தாயிற்று. வெட்கத்தில் மறைத்த இடத்தில்தான் அது இருக்கும். சேற்றில், வயலில் வேலை செய்தவர் என்றால் எலிக்காய்ச்சலையும் நினைவுபடுத்துங்கள்.

## பிரைவேட் ஆஸ்பத்திரி

சுருக்கமாகச் சொல்கிறேன். நோய் லேசாக இருந்து, பகலாக இருந்து, கையில் காசும் இருந்தால் இரத்தப் பரிசோதனை முடிவு சீக்கிரம் கிடைக்கும், தனி அறையில் குடும்பத்தில் ஒருவர் கூடவே இருக்கலாம். இந்த இரண்டாவது உண்மையிலேயே பெரிய இலாபம். ஆனால் சன்னி இரண்டு நாளில் முடிகிற கணக்கு அல்ல. மூன்றாம் நாள் காசு தீர்ந்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போது புது வாட்டு, புது முகம், புதுக் குழப்பம். அடகு வைத்த நகைக்கு வட்டி வேறு. நிபுணரைச் செனல் பண்ணி (காசு கட்டி நேரம் பதிந்து) மாலை வரை வரிசையில் உட்கார்ந்திருப்பதோ சன்னிக்கு ஆகவே ஆகாத வழி. அது ஆறின நோய்க்கு.

| வழி | எதில் கைகொடுக்கும் | எதில் கைவிடும் | கணக்கில் வராத செலவு |
|---|---|---|---|
| லயம் | தெரிந்த முகம், தெரிந்த இடம் | காரணம் தெரியாது | இழந்த மணித்தியாலங்கள் |
| டிஸ்பென்சரி | சீனி பார்க்கலாம், துண்டு, வண்டி | இரவில் பூட்டு | தூக்க மாத்திரையால் மூடிமறைவது |
| கோடாங்கி | வீட்டாருக்குத் தைரியம் | நோய் அப்படியே | தூக்கம், தண்ணீர் இழப்பு |
| சின்ன ஆஸ்பத்திரி | உடனடி உயிர் காப்பு, இலவச மாற்றல் | உப்பு அளவு, ஸ்கேன் | இரண்டு இடம் மாறுவது |
| பெரியாஸ்பத்திரி | காரணத்தைத் தேட எல்லாம் உண்டு | நெரிசல், பாஷை | துணைக்கு நிற்பவரின் பேர் |
| பிரைவேட் | வேகம், தனி அறை | நீண்டால் தாங்காது | கடன், நடுவில் மாற்றல் |

## வாட்டுக்குள் இன்னொரு முடிவு: கட்டுவதா, ஊசியா, ஆளா

கட்டிலில் போட்டதும் வேலை முடிந்தது என்று வீட்டார் கிளம்புவார்கள். உண்மையில் இரண்டாவது முடிவு அங்கேதான் தொடங்குகிறது. ஆள் சேலைனைப் பிடுங்குவார், கட்டிலிலிருந்து இறங்குவார். முப்பது கட்டிலுக்கு இரவில் இரண்டு மூன்று தாதிகள். நாங்களும் மனிதர்கள்தான்.

கையைக் கட்டுவது சுலபம். செலவு என்னவென்றால், கட்டியவர் இன்னும் மிரள்வார், இழுப்பார், தோல் கிழியும், புண் வரும், சன்னி நீளும். உயிர் காக்கும் குழாயைக் கொஞ்ச நேரம் காப்பாற்ற வேறு வழியே இல்லாதபோது மட்டும், அதுவும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, என்பதற்கு மேல் நான் ஒத்துக்கொள்வதில்லை.

ஊசிக்கு ஓர் இடம் உண்டு. தனக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்ற அளவுக்கு மிரண்டால் ஹலோபெரிடோல் போன்றதைச் சின்ன அளவில், வயதானவருக்கு அரை மில்லிகிராமிலிருந்து தொடங்குவார்கள். அது மிரட்சியைத்தான் தணிக்கும், சன்னியைக் குணப்படுத்தாது. பார்க்கின்சன் நோய் உள்ளவருக்கு அந்த மருந்து ஆகாது. வீட்டார் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். டயஸிபாம் வகை வழக்கமான சன்னியைக் கூட்டிவிடும், முக்கியமான ஒரு விதிவிலக்கோடு: தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வருகிற சன்னி. காய்ச்சலில் படுத்துக் குடிக்க முடியாமல் போன இரண்டாம், மூன்றாம், நாலாம் நாளில் நடுக்கம், வேர்வை, பூச்சி தெரிவது. அதற்கு டயஸிபாம் வகைதான் சிகிச்சை, கூடவே தயமின் (வைட்டமின் பி1) ஊசி. குளுக்கோஸ் ஏற்றும் முன்பே, அல்லது கூடவே, தயமின் போக வேண்டும். ஆகவே "எங்கப்பா குடிக்கமாட்டாரு டொக்டர்" என்று மானத்துக்காகச் சொல்லும் பொய்க்கு இங்கே உயிர் விலை. கசிப்போ (கள்ளச்சாராயம்) கள்ளோ, எவ்வளவு, கடைசியாக எந்த நாள், மூன்றையும் சொல்லிவிடுங்கள். எவரும் பொலிசுக்குச் சொல்லப்போவதில்லை.

மூன்றாவது, பக்கத்தில் ஓர் ஆள். இதுதான் மலிவு, இதுதான் வேலை செய்கிறது, இதைத்தான் நாம் மருந்து என்று எண்ணுவதே இல்லை. வயதானவர்களை நடக்க வைத்து, தூங்க வைத்து, தண்ணி கொடுத்து, கண்ணாடி மாட்டி, நாளும் இடமும் சொல்லிக்கொண்டிருந்தால் வாட்டில் வருகிற சன்னியில் மூன்றில் ஒரு பங்கையாவது வராமலே தடுக்கலாம் என்பது பல இடங்களில் செய்து பார்த்துத் தெரிந்த விஷயம்.

நான் இதைக் கற்றது என் அப்பாயியிடம். தாதிப் பயிற்சியில் இரண்டாம் வருஷம் எனக்கு. முதல் இரண்டு நாள் அப்பாயி ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சத்தமில்லாமல் கிடந்தது. எல்லாரும் தூங்குது என்றோம், நானும் சேர்ந்துதான். மூன்றாம் நாள் கை வேலை செய்யத் தொடங்கியது. விரிப்பை இரண்டு விரலால் கிள்ளும், கிள்ளியதைத் தோளுக்கு மேலே பின்னால் எறியும். கிள்ளும், எறியும். "ஏன் மிஸ் பிடுங்கிக்கிட்டே இருக்கு?" என்று பக்கத்துக் கட்டில்காரம்மா கேட்டார். மெத்தைமேல் ரெண்டு இலை ஒரு மொட்டு தேடிக்கொண்டிருந்தது அப்பாயி. நாற்பது வருஷம் முதுகில் கூடை சுமந்த கை. சிறுநீரில் கிருமி, அதற்கு மேல் தடிமனுக்குக் கடையில் வாங்கிய பிரிட்டோன். மருந்தை நிறுத்தி, கிருமிக்கு ஊசி போட்டார்கள். கையைக் கட்டலாம் என்று பேச்சு வந்தபோது என் அத்தை ஒரு துவாயைக் கொடுத்து, "இந்தா, இத மடிச்சு வை" என்றார். கை அதில் நின்றது.

துணைக்கு நிற்பவர் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல்செட் வீட்டில் மறந்து கிடக்கும், கொண்டுவாருங்கள். அவருடைய டம்ளர், அவருடைய கம்பளி. என்ன நாள், எந்த இடம், ஏன் வந்தோம் என்று பத்துத் தடவை கேட்டாலும் பத்துத் தடவை சொல்லுங்கள். பாம்பு இருக்கிறது என்றால் இல்லை என்று வாதாடாதீர்கள், இருக்கிறது என்றும் சொல்லாதீர்கள். "பயமா இருக்கா, நான் இருக்கேன்" போதும். ஒரே நேரத்தில் ஏழு பேர் சுற்றி நின்று "என்னைத் தெரியுதா, என்னைத் தெரியுதா" என்று பரீட்சை வைப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒருவர் போதும், முறை மாற்றி. ஆம்பிளை வாட்டில் ஆம்பிளைதான் தங்கலாம் என்பார்கள். மகன் கொழும்பில் கடையில் நின்றால் சித்தப்பா பிள்ளையை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். வாட்டு சிஸ்டரிடம் காலையிலேயே பேசி அனுமதி வாங்குங்கள், ராத்திரி வாசலில் காவலாளியோடு சண்டை பிடிக்காமல்.

போகும்போது எடுத்துப்போக வேண்டியது ஒரு ஷொப்பிங் பை. கிளினிக் கொப்பி, வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரையும், கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கியது, தமிழ் மருந்து எல்லாம். எது தேவை எது தேவையில்லை என்று நீங்கள் பிரிக்க வேண்டாம்.

## டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு

மகள் வீடு கொழும்பில் வசதியாக இருக்கும், டொக்டர் பக்கம் என்று நேராக அங்கே கூட்டிப்போகிறவர்கள் உண்டு. முதல் ஒரு மாதம் சொந்தக் காம்பராதான் நல்லது என்பது என் எண்ணம், பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால். சன்னி முழுசாகத் தெளிய நாட்கள் அல்ல, வாரங்கள் ஆகும்; சிலருக்கு மாதங்கள், சிலர் பழைய நிலைக்குத் திரும்புவதே இல்லை. இருட்டில் மூத்திரம் போக எழும்பினால் கதவு எந்தப் பக்கம் என்று கால் அறிந்த இடத்தில் இருக்கட்டும். ஆள் இல்லையென்றால் கொழும்புதான், வேறு பேச்சில்லை. மூன்று மாதம் ஆகியும் மறதி குறையவில்லையென்றால் கிளினிக்கில் திரும்பச் சொல்லுங்கள். சன்னி வந்து போனவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதல்.

அந்த நாட்களில் கண்டதெல்லாம் பலருக்கு ஞாபகம் இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு சொல்ல மாட்டார்கள். பைத்தியம் என்று நினைத்துவிடுவோம் என்று பயம். நீங்களே பேச்சை எடுத்து, அது காய்ச்சல் செய்த வேலை என்று சொல்லிவிடுங்கள்.

அப்பாயி ஒரு மாதம் கழித்துத்தான் வாயைத் திறந்தது. இஸ்தோப்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே தண்ணி ஓடியதாம், அட்டை ஏறியதாம், கணக்கப்பிள்ளை ஐயா வந்து இன்னும் நாலு கிலோ வேண்டும் என்று கத்தினாராம். அதெல்லாம் நடக்கவில்லை, காய்ச்சல் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தது.

"அப்ப அன்னைக்குப் பறிச்சதுக்குப் பேர் போடலயா?"